குடிக்கு பட்ஜெட் போடாதீங்க, மீட்டிங்குக்குப் போங்க



வாரத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு 800 ரூபாய்னு குடிக்கிறவருக்கு மாசம் கிட்டத்தட்ட 7,000 ரூபாய் போகுது. அதையே எஸ்.ஐ.பி.யில போட்டு, வருஷத்துக்கு 12% வருமானம்னு வச்சுக்கிட்டா 10 வருஷத்துல சுமார் 16 லட்சம். இந்தக் கணக்கை நீங்க நிறைய வீடியோவுல பார்த்திருப்பீங்க.

என் கருத்து என்னன்னா, குடியை நிறுத்த முடியாம தவிக்கிறவருக்கு இந்தக் கணக்கு பிரயோஜனப்படாது. 16 லட்சம்னு கேட்டதும் நிறுத்தறவர், எப்ப நினைச்சாலும் நிறுத்தக்கூடியவர். மத்தவர் தலையாட்டிட்டு, சம்பளம் கிரெடிட் ஆன அன்னிக்கு ராத்திரியே திரும்ப கடையில நிப்பார். அவருக்கும் கணக்கு தெரியும். ஆனா குடிநோய் கணக்குக்கு அடங்காது. அவருக்குத் தேவை, அதே நோயில இருந்து வெளியே வந்த நாலு பேர்.

அந்த நாலு பேர் கிடைக்கிற இடம்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமா ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவில் ரெண்டு குடிநோயாளிகள் ஒருத்தருக்கொருத்தர் பேசி ஆரம்பிச்சது. சென்னையிலும் பல வருஷமா நடக்குது. உறுப்பினராக ஒரே தகுதி: குடியை நிறுத்தணும்ங்கிற விருப்பம். கட்டணம் இல்லை, கே.ஒய்.சி. இல்லை. கூட்டத்துல ஒரு உண்டியல் சுத்தி வரும். அதுல போடறதும் போடாததும் உங்க இஷ்டம். வெளியார் நன்கொடையை அவங்க வாங்கறதே இல்லை.

இலவசம்னா தரம் இருக்காதேன்னு யோசிக்கிறீங்களா? 2020-இல் வந்த காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. ஏ.ஏ. கூட்டங்களில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சைகளுக்குப் போனவங்க, வேற சிகிச்சைகளுக்குப் போனவங்களை விட அதிகமா குடியைத் தொடாமலே இருந்தாங்கன்னு சொல்லுது. மருத்துவச் செலவும் குறைஞ்சிருக்கு.

இன்னொரு பக்கம், உங்க ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசியைத் திறந்து விலக்குகள் பகுதியைப் பாருங்க. 'எக்ஸ்க்ளூஷன் 12'னு ஒண்ணு இருக்கும். குடிநோய், போதைப் பழக்கம், அதனால வர்ற விளைவுகள், இதுக்கான சிகிச்சைக்கு கிளெய்ம் கிடையாதுன்னு சொல்ற பிரிவு அது. கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில படுத்தா, பில் உங்க சேமிப்புல இருந்துதான் போகும். அதனால செலவில்லாத வழியை முதல்லயே பிடிக்கிறது நல்லது.

சரி, தாம்பரம் பக்கம் இருக்கிறவர் எப்படிக் கண்டுபிடிக்கறது? ஏ.ஏ. இந்தியாவோட இணையதளத்துல ஊர்வாரியா கூட்டங்களைத் தேடலாம். இடமும் நேரமும் மாறும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி உறுதி பண்ணிக்கோங்க. மத்திய அரசோட போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416. ரெண்டும் இலவசம். சாந்தி ரங்கநாதன் தொடங்கின, இந்திரா நகர்ல இருக்கிற டி.டி.கே. மருத்துவமனை மாதிரி மீட்பு மையங்கள்லயும் விசாரிக்கலாம்.

"தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?" எல்லாருக்கும் வர்ற பயம்தான். நம்ம பக்கம் மின்சார ரயில் எதுக்கு இருக்கு? பெருங்களத்தூர்ல இருக்கிறவர் குரோம்பேட்டையோ கிண்டியோ போகலாம். மெப்ஸ்லயோ ஓ.எம்.ஆர்.லயோ ஷிஃப்ட் வேலைன்னா ஆன்லைன் கூட்டமும் இருக்கு. முழுப் பேர் சொல்ல வேண்டாம், பேசவும் வேண்டாம், பின்னாடி உட்கார்ந்து கேட்டாலே போதும். அங்க உங்களைப் பார்க்கிறவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கார். கடவுள், பிரார்த்தனைன்னு பேச்சு வந்து ஒட்டலைன்னா அதோட விட்டுடாதீங்க. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி, அஞ்சாறு கூட்டம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. எஸ்.ஐ.பி.க்கு தேதி வைக்கிற மாதிரி இதுக்கும் கிழமை வைங்க. முக்கியமா, சம்பளம் வர்ற வாரத்துல தவறவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறைய குடிக்கிறவர், காலையில கை நடுங்கறவர், திடீர்னு தானா நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதல்ல டாக்டர். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். ஏ.ஏ. கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று இல்லை, கூடவே வர்ற துணை.

குடிக்கிறது நீங்க இல்லை, உங்க அப்பாவோ அண்ணனோ கணவரோன்னா, குடும்பத்தாருக்குன்னே அல்-அனான்னு தனி அமைப்பு இருக்கு. அவர் கடனை அடைக்க உங்க பேர்ல பர்சனல் லோன் எடுக்கறதுக்கு முன்னாடி அங்க ஒரு தடவை போய் உட்காருங்க. கடனை நீங்க அடைச்சா குடி நிக்காது, அடுத்த கடனுக்கு இடம்தான் காலியாகும்.

வழக்கமா, நண்பர்களை டேக் பண்ணுங்க, குரூப்ல ஷேர் பண்ணுங்கன்னு கேட்போம். இந்தத் தடவை வேண்டாம். யாராவது ஞாபகத்துக்கு வந்தா தனியா போன் பண்ணுங்க. ஓப்பன் மீட்டிங்குன்னா கூட ஆள் வரலாம். "சனிக்கிழமை நானும் வர்றேன்டா"ன்னு சொல்லுங்க.