சவரக்கத்திக்கு எந்தக் கல்? – ஒரு பக்தி மார்க்கத்தின் கதை

மடக்குச் சவரக்கத்தி வாங்குகிறவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு உபதேசம் கிடைத்துவிடும். "கத்தி யாரும் வாங்கலாம் தம்பி, கல்தான் விஷயமே. நல்ல இயற்கைக் கல்லாகப் பார்த்து வாங்கு." அடுத்த மாதம் அவர் கையில் பெல்ஜியத்து மஞ்சள் கல் ஒன்று இருக்கும், பர்ஸ் காலியாக இருக்கும், கன்னம் எரிந்துகொண்டிருக்கும். கத்தி மட்டும் அப்போதும் முடியை வெட்டாது, பிடுங்கும்!

உபதேசம் செய்தவரைக் கேட்டால், "இன்னும் மெல்லிய கல் வேண்டும்" என்பார். அதாவது இன்னொரு கல். இப்படியே போனால் வீட்டில் கல் சேரும், கூர் சேராது.

கோளாறு எங்கே? முடிக்கும் கல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறவர்கள் தொடங்கும் கல்லைப் பற்றி ஒரு வரிகூடப் பேசுவதில்லை. ஆனால் சவரத்தின் தலையெழுத்து தொடங்கும் கல்லில்தான் எழுதப்படுகிறது.

கத்தியின் அமைப்பைப் பார்த்தால் இது புரியும். மடக்குக் கத்தியின் முதுகு தடிமன், நடுப்பகுதி குழிவு, விளிம்பு மெல்லியது. தீட்டும்போது முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லைத் தொட்டபடி கிடக்கும். 16 மில்லிமீட்டர் அகலமும் 5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்தி என்றால், விளிம்பின் கோணம் சுமார் 18 டிகிரி. கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும். கல்லின் வேலை, விளிம்பின் இருபுறமும் உள்ள குறுகிய சரிவுகளைத் தேய்த்து, நுனி முதல் அடி வரை ஒரே கோட்டில் சந்திக்க வைப்பது. 1000 எண் கல்லின் வேலை இதுதான்.

அந்தச் சரிவுகள் சந்திக்கவே இல்லை என்றால்? அதற்கு மேல் 8000 போட்டாலும், 12000 போட்டாலும், கியோட்டோ பக்கத்துச் சுரங்கத்தில் வெட்டிய கல்லையே போட்டாலும், மழுங்கிய விளிம்பு பளபளப்பாகும். அவ்வளவுதான். பூசாத சுவருக்குப் பெயின்ட் அடிப்பது போல.

இதைக் கண்டுபிடிக்கச் செலவும் இல்லை. சரிவின் மேல் மார்க்கர் மையைப் பூசிவிட்டுக் கல்லில் நாலு தடவை இழுத்தால், மை அழியாத இடம் கல் தொடாத இடம். 1000 கல்லை முடித்த கத்தி, கை முடியை விளிம்பின் நீளம் முழுக்க ஒரே மாதிரி சிரைக்க வேண்டும். சிரைக்காத வரை அடுத்த கல்லை வெளியே எடுக்கவே கூடாது.

சரி, இயற்கைக் கல் கட்சிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? "பெல்ஜியத்தின் கோட்டிகுல் கல் ஒன்றே போதும், தொடக்கம் முதல் முடிவு வரை அதிலேயே செய்யலாம்." இது பொய்யில்லை. ஆர்டென் மலைப்பகுதியில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் நுண்ணிய கார்னெட் மணிகள் நிறைந்திருக்கின்றன. சின்னக் கல் துண்டால் அதன் மேல் தேய்த்துக் குழம்பு உண்டாக்கினால் வேகமாக அறுக்கும். தண்ணீர் விட்டுக் குழம்பை நீர்க்க வைத்தால் மெல்ல மெல்ல மென்மையாகும். எப்போது நீர்க்க வைப்பது, எவ்வளவு நீர்க்க வைப்பது என்பது கைப்பழக்கம். இன்றுதான் கத்தியைத் திறந்தவரிடம் அந்தப் பழக்கம் எங்கே இருக்கும்? அதோடு ஒரே சுரங்கத்துக் கல்லிலும் ஒரு துண்டு மாதிரி இன்னொரு துண்டு இருக்காது. கத்தி சரியாக வராதபோது குற்றம் கல்லினுடையதா, கையினுடையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"அந்தக் கால நாவிதரிடம் ஒரு கல்லும் ஒரு தோல்வாரும்தானே இருந்தன?" இது அடுத்த வாதம். இருந்தன. ஆனால் அவர் கத்தியை மழுங்க விட்டதே இல்லை. தினமும் வாரில் இழுப்பார், கொஞ்சம் தளர்ந்தால் உடனே கல்லில் தொட்டு எடுப்பார். கெட்டுப்போன கத்தியை மீட்பது வேறு வேலை. அவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க அப்பாவோ மாமாவோ இருந்தார்கள். இன்று தமிழ்நாட்டுச் சலூன்களில் ஒவ்வொருவருக்கும் புது பிளேடை உடைத்துப் போடுகிறார்கள். சுகாதாரத்துக்கு அதுதான் சரி. ஆனால் கத்தி தீட்டச் சொல்லித்தரும் ஆள் தெருமுனையில் இல்லை. அவரிடம் இருந்த ஒற்றைக் கல்லை மட்டும் காப்பியடித்து என்ன பயன்?

செயற்கைக் கல்லிலும் ஏமாற இடமுண்டு. பெட்டியின் மேலுள்ள எண் எல்லா நாட்டுக்கும் ஒன்றல்ல. ஜப்பானிய அளவில் 1000 என்றால் துகள் சுமார் 11.5 மைக்ரான். ஐரோப்பிய உப்புத்தாளில் பி1000 என்றால் சுமார் 18 மைக்ரான். நார்ட்டனின் 8000 சுமார் 3 மைக்ரான், ஜப்பானிய அளவின் 8000 சுமார் 1.2 மைக்ரான். ஆகவே எண்ணைக் கேட்காமல் மைக்ரானைக் கேட்க வேண்டும். செயற்கைக் கல்லிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மலையிலிருந்து வந்த கல்லிடம் இல்லை.

அப்படியென்றால் எதை வாங்குவது? 1000-ல் ஒன்று. 4000-மும் 8000-மும் இரு பக்கமாக ஒட்டிய கல் ஒன்று. ஒரு தோல்வார். கூடவே, கண்ணாடித் துண்டும் தண்ணீர் படக்கூடிய உப்புத்தாளும். இந்தக் கடைசிப் பொருளைத்தான் யாரும் சொல்வதில்லை. தேயத் தேயக் கல் நடுவில் குழியும். குழிந்த கல்லில் நேரான விளிம்பு வராது. கல் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடி மேல் வைத்த உப்புத்தாளில் தேய்த்து, கோடெல்லாம் அழிந்தால் கல் சமம். ஹார்டுவேர் கடையின் கறுப்புக் கார்பரண்டம் கல் அரிவாளுக்கு நல்லது, சவரக்கத்திக்கு எமன். தேய்ந்த எஃகு திரும்பி வராது.

இத்தனையும் பழகிய பிறகு ஒருவர் கோட்டிகுல் வாங்கினால் தப்பில்லை. அதன் விளிம்பு கன்னத்துக்கு இதமாக இருக்கிறது என்று பலர் சொல்வதை அப்போது அவரே சோதித்துப் பார்க்கலாம். ஒப்பிட அவரிடம் ஒரு நல்ல விளிம்பு இருக்கும். அதற்கு முன்னால் வாங்குகிறவர் கல் வாங்கவில்லை, காணிக்கை போடுகிறார். காணிக்கை போட்டால் புண்ணியம் வரலாம், கூர் வராது.