பிலிம் சுருளும் நம் தோட்டத்துப் படங்களும்

ஒரு காலத்தில் ஈப்போவின் படக்கடைகளில் கேட்டவுடன் பிலிம் சுருள் கிடைத்தது. இன்று தேடித்தான் வாங்க வேண்டும், விலையும் அதிகம்.

காரணம் என்ன? வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினை மெல்லிய தகட்டின்மேல் இருட்டறையில் பூசித்தான் பிலிம் செய்கிறார்கள். பெரிய இயந்திரங்களைச் சிறு விற்பனைக்காக ஓட்டினால் கட்டுப்படியாகாது. தமிழ்நாட்டின் ஊட்டியில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் செய்தது. அது மூடப்பட்டுவிட்டது. கோடக் நிறுவனமே 2012-இல் திவால் மனுச் செய்தது. ஆயினும், விரும்பி வாங்குவோர் இருப்பதால் கோடக் பிலிம் இன்னும் வருகிறது.

புதுச் சுருள் வாங்க நம்மால் இயலாமல் போகலாம். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய நெகட்டிவைக் காப்பாற்றலாம் அல்லவா? பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அங்கே லயமும் கோயிலும் இருந்ததற்கு அந்தப் படங்களே சாட்சி.

நம் ஊர் ஈரக்காற்றில் நெகட்டிவில் பூசணம் பிடிக்கும். ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். காகித உறையின்மேல் தோட்டத்தின் பெயர், ஆண்டு, படத்தில் உள்ளோர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி, பிறகு நெகட்டிவை உள்ளே வையுங்கள். உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

முகம் பார்த்துப் பெயர் சொல்லும் தாத்தா பாட்டிமார் வீட்டில் இருந்தால், இந்தப் பள்ளி விடுமுறையிலேயே பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள்.