பெயர்ப்பலகை மாட்டிய பாட்டாளி

வாசலிலே பலகை தொங்குகிறது. பெட்டியிலே காசு இல்லை! நாலரை ஆண்டு கற்று, சொந்தமாக அறை எடுத்து அமர்ந்திருக்கும் இயன்முறை மருத்துவரைத்தான் சொல்கிறோம்.

பக்கவாதத்தில் விழுந்த நெசவாளியின் கையை மீண்டும் தறி பிடிக்க வைப்பவர் அவர். அவர் தோளே வலியெடுக்க அமுக்கி, நீவி, நடக்கப் பழக்கி, பகலெல்லாம் உழைத்தும் வாடகைக்குப் போக மிச்சமில்லை. விடியுமுன் வீடு வீடாகப் போகிறார். இரவிலோ, அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லுக்குக் கணினியில் குறியீடு போடுகிறார். பிறகு தூக்கம் ஏது?

இவரை முதலாளி என்கிறார்கள்! தோழர்களே, நீங்கள் நோயில் படுத்தால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த இ.எஸ்.ஐ. இருக்கிறது, ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு வருகிறது. இவர் படுத்தால்? கதவு சாத்தப்படும், வாடகை மட்டும் படுக்காது!

2021இலே டில்லி ஓர் ஆணையச் சட்டம் இயற்றிற்று. பதிவு உண்டு, பாடத்திட்டம் உண்டு. வயிற்றுக்கு வழி காணோம்.

2009இல் கலைஞர் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் ஏழைக்கு மருத்துவமனைக் கதவைத் திறந்தது. கட்டிலை விட்டு இறங்கியபின் மாதக்கணக்கில் தொடரும் பயிற்சிக்கும் காப்பீடு பணம் தரட்டும். இந்தச் சிற்றறைகளிலே பெறும் பயிற்சிக்கும் தரட்டும் என்கிறோம். தொழிற்சங்கத் தோழர்கள் இதைத் தங்கள் அடுத்த மாநாட்டுத் தீர்மானத்திலே சேர்க்க வேண்டுகிறோம்.