7,500 டாலர் நீதி!

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிளென் பர்னி என்றோர் ஊர். 2014 பிப்ரவரி 1ஆம் தேதி. அக்கம்பக்கத்தில் நடந்த ஒரு திருட்டைப் பற்றி விசாரிக்க ஒரு காவலர் வீடு வீடாகப் போகிறார். ஒரு வீட்டு வாசலில் அந்த வீட்டு நாய் வெளியே வருகிறது. துப்பாக்கி வெடிக்கிறது. நாய் பிழைக்கவில்லை.

அந்த வீட்டுக்காரர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவரைத் தேடியும் காவலர் வரவில்லை. விசாரிக்க வந்த இடத்தில் நடந்த 'விசாரணை' இது!

"என் மேல் பாய்ந்தது, அதனால் சுட்டேன்" என்பது காவலர் தரப்பு. வீட்டுக்காரர் இதோடு விடவில்லை, நீதிமன்றம் போனார். 2017இல் வழக்கைக் கேட்ட ஜூரி, காவலர் சொன்ன கதையை ஏற்கவில்லை. பெரும் அலட்சியம், அரசியல் சட்ட உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொல்லி, 12 லட்சத்து 60 ஆயிரம் டாலர் இழப்பீடு விதித்தது. நீதி கிடைத்துவிட்டது என்றுதானே நினைக்கிறோம்? பொறுங்கள். மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு. கடைசியில் 2021இல் மேரிலாந்தின் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை எவ்வளவாக ஆக்கியது தெரியுமா? 7,500 டாலர்!

வளர்ப்புப் பிராணிக்கு இழப்பீடு என்றால் அதன் சந்தை விலை, மருத்துவச் செலவு, அதுவும் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு வரம்பு இருந்தது. பிறகு வரம்பை 10,000 டாலர் ஆக்கினார்கள். நீதிபதிகள் சட்டத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். ஏழு வருடம் அலைந்த வீட்டுக்காரருக்கு வக்கீல் செலவுக்குக் காணுமா அந்தப் பணம்?

கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். லாரிக்காரர் உங்கள் சரக்கை நனைத்துவிட்டால் சரக்கின் விலையைக் கேட்பீர்கள். வாங்கிக்கொண்டு அடுத்த லோடுக்குப் போவீர்கள். சட்டத்தின் கண்ணில் வீட்டு நாயும் அப்படி ஒரு சரக்குத்தான். பத்து வருடம் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்த கிழட்டு நாய்க்குச் சந்தையில் என்ன விலை? ஒன்றும் இல்லை. சுட்டவருக்கு அது எவ்வளவு வசதி!

"நாய்க்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? எழுத வேறு விஷயமே இல்லையா?" என்று சகோதரர்கள் சிலர் கேட்கலாம். நாயை வீட்டுக்குள் வளர்ப்பது நம் வழக்கமல்ல, உண்மைதான். ஆனால், தாகத்தால் நாக்குத் தள்ளிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியை மதரஸாப் பாயில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது ஒருபுறம் இருக்கட்டும். இங்கே கேள்வி நாயைப் பற்றியது மட்டுமல்ல. சீருடை அணிந்த ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் துப்பாக்கியை இயக்குகிறார். அதற்கு யாரிடம் பதில் சொல்கிறார்? யாரிடமும் இல்லை என்றால், அந்தக் குண்டு நாயோடு நின்றுவிடுமா?

அதே மேரிலாந்தில் 2008 ஜூலை 29ஆம் தேதி நடந்ததைப் பார்ப்போம். பெர்வின் ஹைட்ஸ் என்ற சிற்றூரின் மேயர் கால்வோ. அவர் வீட்டு முகவரிக்கு 32 பவுண்டு, அதாவது சுமார் 14 கிலோ கஞ்சா அடங்கிய பார்சல் ஒன்று வருகிறது. வழியிலேயே அதைக் கண்டுபிடித்த போலீஸ், கொரியர்காரர் வேஷத்தில் தானே கொண்டுவந்து வாசலில் வைக்கிறது. மேயர் வீடு திரும்பி, இரண்டு நாய்களையும் உலாத்தக் கூட்டிப்போய்விட்டு வந்து, வாசலில் கிடந்த பார்சலை உள்ளே எடுத்து வைக்கிறார். கொஞ்ச நேரத்தில் கதவு உடைகிறது. ஆயுதப் படை உள்ளே பாய்கிறது. இரண்டு லாப்ரடார் நாய்களும் சுட்டுக் கொல்லப்படுகின்றன. மேயரும் அவர் மாமியாரும் விலங்கு பூட்டப்பட்டு, ரத்தம் சிந்திய வீட்டில் மணிக்கணக்கில் உட்கார வைக்கப்படுகிறார்கள்.

பிறகுதான் உண்மை வெளியே வந்தது. ஒன்றுமறியாதவர்களின் முகவரிக்குப் பார்சலை அனுப்பி, வழியில் எடுத்துக்கொள்ளும் கடத்தல் கும்பலின் வேலை அது. மேயர் குடும்பத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது! இந்தச் சோதனை பற்றி அந்த ஊர்க் காவல்துறைக்கே முன்கூட்டித் தகவல் சொல்லவில்லை. ஒரு போன் செய்து விசாரித்திருந்தால் போதுமே! தங்கள் ஆட்கள் தவறு செய்யவில்லை என்று உள்துறை விசாரணை முடித்துக்கொண்டது. வழக்கு 2011இல் சமரசத்தில் முடிந்தது.

அவர் மேயர். படித்தவர், பேசத் தெரிந்தவர், பத்திரிகைகள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றன. அவர் முயற்சியால் 2009இல் மேரிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஆயுதப் படையை எத்தனை முறை, எதற்காக அனுப்பினீர்கள், மனிதரோ வளர்ப்புப் பிராணியோ காயப்பட்டதா, செத்ததா என்று காவல்துறைகள் கணக்குக் காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். 2014இல் அது காலாவதியாகிவிட்டது. கருப்பர் தெருவிலோ, ஆங்கிலம் தெரியாத குடியேறிகளின் வீட்டிலோ இதே கதவு உடைந்திருந்தால் இந்தச் சட்டமாவது வந்திருக்குமா?

நாடு முழுவதும் ஓராண்டில் இப்படி எத்தனை நாய்கள் சுடப்படுகின்றன? முறையான தேசியக் கணக்கே கிடையாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு எழுதுகிற நாடு! பல காவல்துறைகளில் துப்பாக்கி இயக்கப்படும் சம்பவங்களில் பெரும்பான்மை விலங்குகள், குறிப்பாக நாய்கள் மீதுதான் என்று அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் 2011இல் வெளியிட்ட கையேடே ஒப்புக்கொண்டது.

காவலர்களுக்கும் உயிர் பயம் உண்டு. கடிக்கிற நாயும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அதே தெருவில், அதே நாய்களைத் தினமும் தாண்டிப் போகிறாரே தபால்காரர், அவரை ஏன் மறந்துவிடுகிறோம்? அமெரிக்கத் தபால் துறை ஊழியர்களில் 5,000 பேருக்கும் மேல் ஆண்டுதோறும் நாய்த் தாக்குதலுக்கு ஆளாகிறார்கள். அவர்கள் யாரையும் சுடுவதில்லை. பையைக் குறுக்கே பிடிக்கவும், நாயின் குணம் அறிந்து ஒதுங்கவும் பயிற்சி பெறுகிறார்கள். கேஸ் மீட்டர் பார்க்க வருகிறவரும் அப்படித்தான். துப்பாக்கி இருப்பவருக்கு மட்டும் வேறு வழி தெரியாமல் போவது ஏன்?

நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் 1998இல் நடந்த சோதனைகளில் மூன்று நாய்கள் கொல்லப்பட்டன. வீட்டில் நாய் இருப்பது ஒரு வாரத்துக்கு முன்பே போலீசுக்குத் தெரியும். அப்படியிருந்தும் சுடுவதைத் தவிர உருப்படியான ஏற்பாடு எதையும் யோசிக்கவில்லை. இது அரசியல் சட்ட மீறல், அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அடித்துச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் மிச்சிகனின் பேட்டில் க்ரீக் வழக்கில் 2016இல் வந்த தீர்ப்பு வேறு மாதிரி. அடித்தளத்தில் நின்று குரைத்துக்கொண்டிருந்த நாயைச் சுட்டதும் நியாயமே என்றது வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம். வீட்டுக்குள் அந்நியர் நுழைந்தால் குரைக்காத நாயை எங்கே தேடுவது?

நாயோடு நின்றுவிடுமா என்று மேலே கேட்டோம். நிற்கவில்லை. 2014 ஜூலையில் ஜார்ஜியா மாநிலத்தின் காஃபி கவுண்டியில், ஒரு குற்றவாளியைத் துரத்திவந்த போலீஸ் ஒரு வீட்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை மண்ணில் குப்புறப் படுக்க வைத்தது. பிள்ளைகள் சொன்னபடி படுத்தார்கள். அந்த வீட்டு நாய் அங்கே வந்தது. ஒரு காவலர் அதைக் குறிவைத்து இரண்டு முறை சுட்டார். நாய் மேல் படவில்லை. அருகில் படுத்திருந்த 10 வயதுச் சிறுவனின் முழங்காலுக்குப் பின்னால் குண்டு பாய்ந்தது.

தாய் வழக்குத் தொடுத்தார். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. இதே போன்ற ஒரு செயல் சட்ட விரோதம் என்று முன்பு எந்தத் தீர்ப்பும் தெளிவாகச் சொல்லவில்லை, ஆகவே அந்தக் காவலரை வழக்குக்கு இழுக்க முடியாது என்றது. அமெரிக்கச் சட்டம் அதிகாரிகளுக்கு மாட்டிவிட்டிருக்கும் கவசம் இது. முன்பு ஒருவர் செய்து மாட்டியிருந்தால்தான் இப்போது செய்தவர் மாட்டுவார்! 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மனுவை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. அயோவா மாநிலத்தின் பர்லிங்டனில் 2015 ஜனவரியில் நாயை நோக்கிச் சுட்ட காவலரின் குண்டு, கணவர் கண் முன்னே ஓர் இளம் தாயைக் கொன்றது. காவலர் மீது குற்ற வழக்கு இல்லை. 2018இல் 20 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள்.

போலீஸ் நாயை யாராவது கொன்றால்? 2000ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, மத்தியக் காவல் அமைப்புகளின் நாயைக் கொன்றவருக்கு 10 ஆண்டுவரை சிறை. அங்கே நாய் ஓர் 'அதிகாரி'. உங்கள் வீட்டு நாய் என்றால் அது பழைய நாற்காலி!

கொடுக்கிற இழப்பீடாவது யார் பையிலிருந்து போகிறது? ஜோவன்னா ஷ்வார்ட்ஸ் என்ற சட்டப் பேராசிரியை பல காவல்துறைகளின் கணக்குகளைத் திரட்டி 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். போலீஸ் அத்துமீறல் வழக்குகளில் கொடுக்கப்பட்ட பணத்தில் காவலர்கள் தாங்களே கொடுத்தது 0.02 சதவீதம். மீதியெல்லாம் அரசுப் பணம். வாசலில் நாயை இழந்தவரே வரியாகக் கட்டிய பணம்! 2024இல் மிசூரி மாநிலத்தின் ஸ்டர்ஜன் என்ற சிற்றூரில், கண்ணும் தெரியாத காதும் கேளாத ஒரு குட்டி நாயைக் காவலர் சுட்டுக் கொன்றார். வழிதவறி வந்த நாய், யாருடையது என்று பாருங்கள் என்று பக்கத்து வீட்டார் உதவிக்குக் கூப்பிட்டதற்கு வந்தவர் அவர். காவலரின் உடல் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தும் நகர நிர்வாகம் முதலில் அவர் பக்கமே நின்றது. 2025இல் 5 லட்சம் டாலருக்கு வழக்கு முடிந்தது.

கொலராடோ மாநிலம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நாய்களை எதிர்கொள்ளக் காவலர்களுக்குக் கட்டாயப் பயிற்சி என்று 2013இல் சட்டம் போட்டது. 2020இல் இன்னொரு சட்டம். மாநில அரசியல் சட்டம் தரும் உரிமைகளை மீறினால் கவசத்தைக் காட்டித் தப்ப முடியாது. நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை என்று தெரிந்தால், தீர்ப்புத் தொகையில் 5 சதவீதம் அல்லது 25,000 டாலர், எது குறைவோ அதைக் காவலரே தன் பையிலிருந்து கட்ட வேண்டும். பெரிய தொகை அல்ல. ஆனாலும் விசையில் விரல் வைக்கிறவருக்கு வீட்டுச் செலவு ஒரு நொடி ஞாபகம் வரும். பெரும்பாலான மாநிலங்களில் அந்த ஞாபகத்துக்கு இன்னும் அவசியமே ஏற்படவில்லை.