பாஸ்தாவும் ஒரு சஹனும்

என் மகள் பட்டப்படிப்பில் தேறிய மகிழ்ச்சிக்காக வீட்டார் ஆறு பேரும் வெளியே சென்று உண்பது என்று முடிவாயிற்று. என்ன வேண்டும் என்று கேட்டேன். "பாஸ்தா சாப்பிடலாம், வாப்பா" என்றாள். பிரியாணிக்குப் பழகிய குடும்பம் எங்களுடையது. பரங்கிப்பேட்டையில் பிறந்து வளர்ந்த என் உம்மாவுக்கு அந்தப் பெயரே வாயில் நுழையவில்லை. "நம் இடியாப்பத்தின் தூரத்து உறவுதான், வந்து பாருங்கள் உம்மா" என்று சொல்லி அவர்களைச் சம்மதிக்க வைத்தேன்.

கடலூர் செம்மண்டலத்திலிருந்து புதுச்சேரி தொலைவில் இல்லை. அங்கே இத்தகைய உணவகங்களுக்குப் பஞ்சமுமில்லை. ஆனால் அவற்றுள் பலவற்றில் மதுவும் பரிமாறப்படுகிறது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமரலாகாது எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது திர்மிதீயில் பதிவாகியுள்ளது. 'நாம் குடிக்கப் போவதில்லையே' என்ற சமாதானம் இங்கே செல்லாது. இரண்டு வாசல்களில் விசாரித்துத் திரும்பி, மூன்றாவதாக மது இல்லாத சிறியதொரு கடையில் நுழைந்தோம். மாணவர்கள் நிறைந்த, ஆடம்பரமற்ற இடம். ஒரு தட்டு 200 ரூபாய்க்குள் அடங்கியது.

இறைச்சியைத் தவிர்த்துக் காய்கறி வகைகளையே கேட்டோம். ஆயினும் குழம்பில் ஒயின் ஊற்றுகிறீர்களா, பாலாடைக்கட்டி எத்தகையது என்று சிப்பந்தியிடம் வினவினேன். "எல்லோரும் பார்க்கிறார்கள், வாப்பா" என்று மகள் தலைகுனிந்தாள். அந்த இளைஞரோ முகம் சுளிக்கவில்லை. ஒயின் இல்லை என்று சொல்லி, சமையலறையிலிருந்து பாலாடைக்கட்டியின் உறையையே கொணர்ந்து, பச்சைப் புள்ளியைக் காட்டினார்.

இந்தக் கேள்வி வீண் கேள்வி அன்று. பாலை உறையச் செய்யும் பொருள் சில வகைகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜியானோ அவ்வாறே தயாரிக்கப்படுகிறது. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் உறைபொருள் ஷாஃபிஈ மத்ஹபில் அசுத்தமானது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களிடமோ அது சுத்தமானது. நம் நாட்டில் பச்சைப் புள்ளியிட்ட உறையில் பிராணியின் உறைபொருள் இருக்கலாகாது என்பதால் அங்கே இந்தக் கருத்து வேறுபாட்டுக்கே வேலையில்லை. அதே வேளையில், தபூக்கில் தம்மிடம் கொண்டுவரப்பட்ட பாலாடைக்கட்டியை நாயகம் (ஸல்) அவர்கள் கத்தி வரவழைத்து, பிஸ்மில்லாஹ் கூறி அறுத்தார்கள் என அபூதாவூதில் காண்கிறோம். அயலாரின் பண்டம் என்பதற்காக மட்டுமே எதையும் ஹராமாக்கிவிடும் அவசரக்காரர்கள் இதனைக் கருத வேண்டும்.

பாஸ்தா அப்படியொன்றும் நமக்கு அயலானதும் அன்று. சிசிலித் தீவின் பலெர்மோ நகரை முஸ்லிம்கள் 831-இல் வென்றார்கள். தீவில் அவர்களது ஆட்சி 1091 வரை எங்கேனும் ஓரிடத்தில் நீடித்தது. அதன் பின்னரும் அங்கே அரபு அறிவுக்கு மதிப்பு குன்றவில்லை. கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் இருந்த புவியியல் அறிஞர் அல் இத்ரீஸி 1154-இல் தம் நூலை நிறைவு செய்தார். பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்னும் ஊரில் ஓடைநீரால் சுழலும் ஆலைகள் இருந்தன என்றும், அங்கே 'இத்ரிய்யா' என்னும் உலர்ந்த மாவிழைகள் ஏராளமாகச் செய்யப்பட்டு, கப்பல் கப்பலாக முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் சென்றன என்றும் அதில் எழுதுகிறார். சீனத்திலிருந்து மார்க்கோ போலோ கொண்டுவந்த பண்டம் இது என்று பலர் நம்புகிறார்கள். அவர் வெனிஸுக்குத் திரும்பியதோ 1295-இல்! தெற்கு இத்தாலியின் புலியாப் பகுதியில் கொண்டைக்கடலையோடு சமைக்கும் ஒருவகைப் பாஸ்தாவை இன்றும் 'திரியா' என்றே அழைக்கிறார்கள். அரபுச் சொல் அடுப்பங்கரையில் பிழைத்துக் கிடக்கிறது. இவற்றையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, "பசிக்கிறது" என்றான் இளைய மகன்.

நான்கு தட்டுகள் வந்தன, ஆறு பேருக்கு. இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழிக் கணக்கு இதுதானே என்று மூத்த மகன் சிரித்தான். அவன் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவன். அவனை உணவு வேளையில் பார்ப்பதே அரிது. மகள் தொலைபேசியோடு உண்பாள். இளையவன் தொலைக்காட்சியின் எதிரே. என் மனைவி எல்லோருக்கும் பின்னர். வாப்பா மவுத்தானது முதல் உம்மா அடுக்களையில் தனியே ஒரு கிண்ணத்தில் உண்டு எழுந்துவிடுவார்கள். நானோ ஆண்டுதோறும் மத்ரஸாவில் வஹ்ஷீ பின் ஹர்ப் (ரலி) அவர்களின் ஹதீஸைப் பாடம் நடத்துபவன். உண்டும் வயிறு நிறையவில்லை என்று முறையிட்ட தோழர்களிடம், தனித்தனியே உண்கிறீர்களோ என்று கேட்டு, சேர்ந்து உண்ணுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த அந்த ஹதீஸைத்தான். பாடம் முடிந்து வீட்டுக்கு வந்து, மூடிவைத்த தட்டைத் திறந்து தனியே உண்பேன்.

உம்மா தட்டுகளைச் சற்றுநேரம் பார்த்தார்கள். பிறகு சிப்பந்தியை அழைத்து, "தம்பி, பெரிய தட்டு ஒன்று கிடைக்குமா?" என்றார்கள். அவர் பிட்சா வைக்கும் வட்டத் தட்டைக் கொணர்ந்தார். வெள்ளைக் குழம்பும் தக்காளிக் குழம்பும் அதில் ஒன்றாகக் கொட்டப்பட்டன. இத்தாலியர் கண்டிருந்தால் கண்ணீர் வடித்திருப்பர்! உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லித் தம் முன்னாலிருந்து ஒரு பிடி எடுத்து உண்டார்கள். பக்கத்து மேசை மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் முள்கரண்டியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அவள் எழுந்து போய்விடுவாளோ என்றுகூட அஞ்சினேன்.

"இந்தப் பக்கம் காரம் குறைவு, இங்கே எடு" என்று உம்மா அவள் பக்கம் ஒதுக்கினார்கள். அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கையால் எடுத்தாள். தட்டு காலியாகும் வரை எவரும் தொலைபேசியைத் தொடவில்லை. "உப்பு போதாது, மற்றபடி மோசமில்லை" என்பது உம்மாவின் தீர்ப்பு.

உம்மாவின் கல்யாணச் சீராக வந்த செம்புச் சஹன் எங்கள் பரணில் கிடக்கிறது. மறுநாள் மகளே அதை இறக்கித் துடைத்தாள். உள்ளே ஈயம் தேய்ந்து செம்பு தெரிகிறது. பூசாமல் அதில் உண்ணலாகாது. ஈயம் பூசுபவர் எவரேனும் இருக்கிறாரா என்று சிதம்பரத்துப் பாத்திரக் கடைகளில் விசாரித்து வருகிறேன்.