மூன்று டையோடும் ஒரு சுவிட்சும்

ரெடிமேட் புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கி, நம்ம பேரை ஒட்டி வைப்பது சரியா? சரியில்லை என்பேன் நான்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா காரைக்காலில் விசைப்படகுத் தொழிலாளி. நண்பனின் கிட்டாருக்கு டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று நானே செய்தேன். ஜெர்மானியம், சிலிக்கான், சிவப்பு எல்.இ.டி. என மூன்று ஜோடி டையோடு; மாற்றிப் போட ஒரு சுவிட்ச். ஜெர்மானியம் சுமார் 0.3 வோல்ட்டிலேயே அலையின் தலையை வெட்டிடும், சிலிக்கான் 0.7, எல்.இ.டி. 1.7. அதனால்தான் முதலாவதில் சத்தம் சிறுத்துக் கரகரத்தது, கடைசியில் உரத்துத் தெளிந்தது.

நேரமில்லை என்பீர்கள். எனக்கும் சால்டரிங் சூட்டில் ஒரு ஜெர்மானியம் டையோடு போச்சு. அதுவும் பாடம்தானே!

பெங்களூர் பி.இ.எல். 1962-லேயே ஜெர்மானியம் செமிகண்டக்டர் தயாரித்த நாடு இது. நாம் ஒரு சுவிட்ச் வைக்கத் தயங்கலாமா?

"நீயாடா செஞ்சே?"ன்னு அப்பா ரெண்டு தடவை கேட்டார். ஆமாம் என்று கூசாமல் சொன்னேன். வாங்கி வந்திருந்தால் சொல்ல முடியுமா, தோழர்களே?