வரம்பு வரமாகுமா?

ஒரு மனிதனுக்குக் கடன் கிடைக்கக்கூடிய அளவு கூடிவிட்டது என்பதற்காக அவனை வாழ்த்தும் காலம் வரும் என்று நம் பாட்டனார்களிடம் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவனை வைத்தியரிடம் அழைத்துப் போயிருப்பார்கள். அந்தக் காலம் வந்துவிட்டது. 'வாழ்த்துக்கள்! உங்கள் கிரெடிட் கார்டின் வரம்பை ஒரு லட்சம் ரூபாயிலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்திக்கொள்ளத் தாங்கள் தகுதி பெற்றிருக்கிறீர்கள்' என்று கைபேசியில் செய்தி வருகிறது. பரீட்சையில் தேறிய பையனைப் போல முகம் மலர்கிறது. கீழே 'சம்மதம்' என்று ஒரு கட்டம். விரலால் ஒரு தட்டு; காரியம் முடிந்தது.

இந்த முகமலர்ச்சியோடுதான் எனக்குச் சண்டை. பாங்கிக்காரர்கள் வியாபாரம் செய்கிறார்கள், செய்யட்டும். நம்முடைய மனிதர்கள் கடன் வரம்பைச் சம்பாத்தியம் என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இது பட்டணத்து வியாதி என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். எங்கள் கீரனூரிலும் வந்தாயிற்று. புதுக்கோட்டைப் பக்கத்துக் கீரனூரைச் சொல்லவில்லை. பழநிப் பக்கத்துக் கீரனூரைச் சொல்கிறேன். திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்:

"ஏனுங்க மாமா, பாங்கியில என்ற லிமிட்டை ரெண்டு லட்சமாக்கிட்டாங்க. நான் கேக்கவே இல்லீங்க, அவங்களே குடுத்தாங்க."

"கேக்காமக் குடுக்கறான்னா, அவசரம் உனக்கில்லே மாப்ளே. அவனுக்குத்தான்."

அந்த மாமா எந்தப் பொருளாதாரப் புத்தகமும் படித்ததில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி அனுப்புகிறவர். கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்குவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். இந்த வருஷம் ஒழுங்காகச் சரக்கை இறக்கிக் கணக்கை நேர் செய்தால், அடுத்த வருஷம் முன்பணம் கூடும். முன்பணம் கூடக்கூட, வேறு மண்டிக்குச் சரக்கைத் திருப்பும் சுதந்திரம் குறையும். தேவைக்காக அவர் அதை வாங்குகிறார். ஆனால் முன்பணம் கூடிவிட்டது என்று தெருவில் நின்று பெருமை பேசுவதில்லை. படித்த மருமகன் பேசுகிறான்.

அவன் பெருமைப்படுவதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அதற்காக அவன் ஒரு விரதமே இருந்திருக்கிறான். மளிகை, பெட்ரோல், பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாவற்றையும் அட்டையிலேயே செலவழித்திருக்கிறான். கெடு தேதி தவறாமல் கட்டியிருக்கிறான். பில் போடும் நாளன்று பாக்கி வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். வேறு புதுக் கடனுக்கு மனுப் போடாமல் இருந்திருக்கிறான். பாங்கி ஆறு மாதமோ ஒரு வருஷமோ அவனைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாங்கி போதாதென்று, 2000-ஆம் ஆண்டில் ஆரம்பித்த சிபில் போன்ற கடன் தகவல் கம்பெனிகளும் கவனிக்கின்றன. 2005-ல் இவற்றுக்கென்று தனிச் சட்டமே வந்தது. 300-க்கும் 900-க்கும் நடுவே அவை போடும் மார்க்குதான் இன்று ஒருவனுடைய ஜாதகம். 2025 ஜனவரியிலிருந்து பாங்கிகள் பதினைந்து நாளைக்கு ஒரு முறை இந்தக் கம்பெனிகளுக்குக் கணக்கு அனுப்பவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. சித்திரகுப்தன்கூட இவ்வளவு அவசரப்பட்டதாகப் புராணத்தில் இல்லை.

இவ்வளவு ஒழுக்கத்தோடு இருந்து அவன் அடைந்தது என்ன? சம்பளம் ஒரு ரூபாய் கூடவில்லை. சேமிப்பு கூடவில்லை. இன்னும் ஒரு லட்சத்துக்குக் கடனாளி ஆகலாம் என்ற அனுமதி கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள். நேர்மை என்றும் பொருள். ஒருவன் நாணயஸ்தன் என்றால், சொன்ன தேதியில் கொடுப்பவன் என்று அர்த்தம். அந்த நல்ல பெயரை ஊரார் கொடுத்தார்கள். அதை வைத்து அவனுக்கு மேலும் கடனை விற்க ஊராருக்கு ஆசை இருக்கவில்லை. இன்று நாணயத்துக்கு மார்க்குப் போடுகிறவர்கள் கடன் கொடுக்கிறவர்களுக்காக அதைப் போடுகிறார்கள். அது அவர்களுடைய நஷ்ட பயத்தின் அளவு. அதை நம்முடைய குணத்தின் அளவு என்று நாம் மயங்கவேண்டியதில்லை.

சம்பாத்தியம் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2022 ஏப்ரல் 21-ஆம் தேதி ரிசர்வ் பாங்கி அட்டைகளைப் பற்றி விரிவான உத்தரவு ஒன்று வெளியிட்டது. வாடிக்கைக்காரரின் தெளிவான சம்மதம் இல்லாமல் வரம்பை உயர்த்தக்கூடாது என்று அதில் கண்டிப்பாகச் சொன்னது. வரம்பைக் குறைப்பதானால்? தகவல் தெரிவித்தால் போதும் என்றது. நாம் உழைத்துச் சம்பாதித்த காணி நிலத்தை ஒரு குறுஞ்செய்தி அனுப்பி யாராவது பாதியாக்கிவிட முடியுமா? வரம்பை ஆக்கலாம். 2020-ல் கொரோனா வந்து ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த சமயத்திலேயே, சில பாங்கிகள் பல வாடிக்கைக்காரர்களின் வரம்பைக் குறைத்தன. வெயில் அடிக்கும்போது குடையைக் கொடுத்துவிட்டு மழையில் திரும்பக் கேட்கும் சிநேகிதம் இது.

கேட்காமல் கொடுக்கும் வித்தை புதிதல்ல. 1958 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபிரெஸ்னோ என்ற ஊரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா 60,000 பேருக்குத் தபாலில் கடன் அட்டையை அனுப்பிவைத்தது. ஒருவரும் மனுப் போடவில்லை. மற்ற ஊர்களுக்கும் இந்தப் பழக்கம் பரவி, மோசடியும் பாக்கியும் மலிந்த பிறகு, 1970-ல் கேளாமல் அட்டை அனுப்பக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது. நம் ரிசர்வ் பாங்கியின் 2022 உத்தரவும் கேளாத அட்டையைத் தடுத்தது. மீறி அனுப்பிக் கட்டணமும் போட்டால், அதைத் திருப்பிக் கொடுப்பதோடு அதைப் போல் இரு மடங்கு அபராதமும் தரவேண்டும் என்றது. கேளாத அட்டை போயிற்று. அதன் இடத்தில் வாழ்த்துச் செய்தி வந்து உட்கார்ந்திருக்கிறது. சட்டம் சம்மதம் கேட்கச் சொன்னது, 'பலே!' என்று முதுகில் தட்டி வாங்கும் சம்மதத்தைச் சட்டம் என்ன செய்யும்?

"வரம்பு இருந்தால் என்ன? நான் செலவழித்தால்தானே கடன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதை டேவிட் கிராஸ், நிக்கோலஸ் சூலெலஸ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்க அட்டைக் கணக்குகளை வைத்து ஆராய்ந்து 2002-ல் எழுதினார்கள். வரம்பு ஒரு டாலர் உயர்ந்தால் கடன் சராசரியாக 10 முதல் 14 சென்ட் வரை ஏறியது. பழைய வரம்பின் பக்கத்தில்கூடப் போகாதவர்களுக்கும் ஏறியது. அதுதான் கவனிக்க வேண்டிய இடம். அமெரிக்கக் கணக்கை நம் ஊருக்கு அப்படியே பொருத்தவேண்டாம். ஆனால் பெட்டியில் இடம் இருந்தால் துணி தானே சேரும் என்பது எல்லா ஊருக்கும் பொது.

சேர்ந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். அட்டையில் ரூ. 50,000 பாக்கி நிற்கிறது. மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். இது அட்டை உலகில் சாதாரண விகிதம். வட்டி ரூ. 1,750. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 315. ஆக ரூ. 2,065. 'குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்டினால் போதும்' என்று பில் சொல்கிறது, ரூ. 2,500 கட்டுகிறீர்கள். அசலில் குறைவது 435 ரூபாய்! மாதம் முழுவதும் நாணயமாக நடந்துகொண்டதற்குக் கிடைத்த கூலி.

எங்கள் பக்கத்தில் இதை 'மூணரை வட்டி' என்பார்கள். மூன்று வட்டிக்குக் கொடுப்பவர் தெருவில் வந்தால் நாம் அவருக்கு வைத்திருக்கும் பெயர்களை இங்கே அச்சிட முடியாது. கந்துவட்டியை ஒழிக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே செய்தோம். அதே வட்டி பளபளக்கும் அட்டையில் வந்தால் பர்ஸில் முன்பக்கம் வைக்கிறோம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் அட்டை வட்டி வாங்குவது நியாயமற்ற வியாபார முறை என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது; பாங்கி வட்டி ரிசர்வ் பாங்கியின் எல்லைக்குட்பட்ட விஷயம் என்றது. அந்த ரிசர்வ் பாங்கியே 2023 நவம்பரில், அட்டைக் கடனுக்காகப் பாங்கிகள் ஒதுக்கவேண்டிய மூலதனத்தைக் கூட்டியது. பெருகிவரும் கடனைப் பார்த்து அதற்கே கவலை. நமக்கோ வாழ்த்து.

மறுப்புக்கள் இரண்டைக் கேட்டிருக்கிறேன். வரம்பு உயர்ந்தால், அதே செலவு சிறிய சதவீதமாகிவிடும்; மார்க்கு ஏறும் என்பது ஒன்று. உண்மைதான். தட்டைப் பெரிதாக்கினால் சோறு குறைவாகத் தெரியும். வயிற்றுக்குள் போவது குறையுமா? பில் வருவதற்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டினாலும் அந்தச் சதவீதம் இறங்கும், வரம்பு ஏறவேண்டியதில்லை.

ஆபத்துச் சமயத்தில் உதவுமே என்பது மற்றொன்று. இதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். நள்ளிரவில் ஆஸ்பத்திரி வாசலில் முன்பணம் கேட்கும்போது, மனைவியின் கழுத்தைப் பார்க்காமல் அட்டையை எடுத்து நீட்ட முடிவது பெரிய ஆறுதல். அடுத்த மாதமே முழுதும் கட்டும் வழி இருப்பவர் அதற்காக ஒரு வரம்பைத் தாமே தீர்மானித்துக் கேட்டு வாங்கட்டும். கேட்டு வாங்குகிறவனுக்குத் தேவை எவ்வளவு என்று தெரியும். தானாக வருவதற்கு அளவு வைக்கிறவன் வேறொருவன். அவனுடைய கணக்கில் உங்கள் வீட்டு ஆபத்து ஒரு வரவு.

ஆகவே எனக்கு வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. வாழ்த்துச் செய்தியில் வரம்பை எந்த எழுத்தில் போடுகிறார்களோ, அதே அளவு எழுத்தில், தமிழிலேயே, மாத வட்டியையும் போடட்டும். 'இனி என்னைக் கேட்காதே' என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கட்டும். அது வரும் வரையில் நம் கையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. என் வருமானம் கூடியிருக்கிறதா? நான் இதைக் கேட்டேனா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் விரலை எடுத்துக்கொள்ளுங்கள்.

வரப்பை உயர்த்தச் சொல்லி வாழ்த்திய ஔவைப் பாட்டி நம்முடையவள்தான். அவள் சொன்னது நம் வயலின் வரப்பு. அதை நம் மண்வெட்டியால் நாம்தான் உயர்த்தவேண்டும். அடுத்தவன் வந்து உயர்த்திவிட்டுப் போனால், அறுவடையும் அவனுடையது.